புது .32 காம்பேக்ட் பிஸ்டல்: ஸ்லைடு கடைசி 2 மி.மீ. மூடவில்லை, குளிரில் மிஸ்ஃபயர், மேலே செம்புள்ளி

சோலூர்மட்டம்

புதுசா வாங்கிய .32 காம்பேக்ட். உள்நாட்டுத் தயாரிப்பு, ப்ளோபேக் வகை (வெடித்த வாயுவின் அழுத்தமே ஸ்லைடைப் பின்னால் தள்ளும்). பேரல் ஃப்ரேமோடு நிலையா இருக்கு, ரீகாயில் ஸ்பிரிங் பேரலைச் சுற்றி. டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன் ரெண்டும் உண்டு (டபுளில் ட்ரிக்கர் இழுப்பே ஹேமரைப் பின்னுக்கு ஏற்றி விடும், சிங்கிளில் ஹேமர் முன்பே ஏறியிருக்கும்). கூட வந்த மேகசின் ரெண்டுக்கும் பெயின்ட்டில் அ, ஆ என்று எழுதி வைத்திருக்கிறேன். ரேஞ்சில் சுட்டது 71 கிரெய்ன் உருண்டை மூக்கு ஃபுல் மெட்டல் ஜாக்கெட் ரவுண்டு.

மேகசினை முழுசா நிரப்பி ஸ்லைடை விட்டால் முதல் ரவுண்டில் கடைசி 2 மி.மீ. மூடாமல் நிற்கிறது. பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் உட்காருகிறது. ‘ஆ’வில் இது அதிகம். சுடும்போது காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு) ஒன்றிரண்டு ஸ்லைடு வாயில் நட்டுக்கொண்டு நிற்கிறது. டபுள் ஆக்‌ஷனில் ஒரு ரவுண்டு முதல் அடியில் வெடிக்கவில்லை, அதே ரவுண்டு ரெண்டாவது அடியில் வெடித்தது. கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்கணும் என்று கையேடு சொல்கிறது. ‘அ’வில் நிற்கிறது, ‘ஆ’வில் நிற்பதில்லை. இது போதாதென்று குறி பார்க்கிற பின்பக்க சைட்டை ஒட்டிக் குருணை அரிசி அளவில் செம்புள்ளிகள்.

இருப்பது கோத்தகிரி பக்கம். வடகிழக்கு மழை ஓய்ந்து இப்போ பனிக்காலம். கடைக்குத் திருப்பி அனுப்புமுன் வீட்டில் பார்க்கக்கூடியது எது, கை வைக்கக்கூடாதது எது?

நெறியாளர்

பதில் எழுதுகிறவர்களும் செய்து பார்க்கிறவர்களும் முதலில் இதைச் செய்யுங்க: மேகசின் வெளியே. ஸ்லைடை முழுசா இழுத்து நிறுத்தி, சேம்பரை (பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவிப் பாருங்க. மலை வீட்டு மங்கல் வெளிச்சத்தில் கண்ணை மட்டும் நம்பாதீங்க. தோட்டா அத்தனையும் வேறு அறையில் பூட்டில் இருக்கட்டும். வீட்டில் செய்கிற சோதனை எல்லாம் டம்மி ரவுண்டில்தான் (மருந்து இல்லாத போலித் தோட்டா). தோட்டாவைப் பிரித்து டம்மி செய்வது, எஸ்டேட் மேட்டில் நின்று “சும்மா ஒண்ணு” சுட்டுப் பார்ப்பது போன்ற யோசனைகள் இங்கே நிற்காது, எடுத்துவிடுவோம்.

பழைய ஆர்மரர் (வெலிங்டன்)

தம்பி, மேகசினுக்கு அடையாளம் போட்டது நல்ல வேலை. பாதி பதில் அதிலேயே இருக்கு. புது பிஸ்டலில் குறை வந்தால் பார்க்க வேண்டிய வரிசை: மேகசின், பேக்கிங் கிரீஸ், தோட்டா, பிடிக்கிற கை. இந்த நாலும் தாண்டின பிறகுதான் பிஸ்டலைச் சந்தேகப்படணும். பெரும்பாலான ஆட்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்து, அரத்தை எடுத்து, நல்ல பொருளையும் கெடுத்துவிடுகிறார்கள்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் எப்படித் துடைத்தீங்க? தொழிற்சாலையில் போடுகிற கிரீஸ் துரு பிடிக்காமல் இருக்கப் போடுவது, ஓடுவதற்குப் போடுவது இல்லை. சமவெளியில் இளகி ஓரமாக வழியும். கோத்தகிரியில் ஜனவரி காலையில் அது மெழுகு. வெளியே பளபளன்னு துடைத்திருந்தாலும் மூணு இடத்தில் ஒளிந்திருக்கும்: சேம்பரின் வாய், கேஸை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குக் கீழே, தோட்டாவின் அடியில் இடிக்கிற ஃபயரிங் பின் ஓடுகிற துளை. நீங்க சொன்ன குறைகளில் ரெண்டு இந்த மூணிலேயே அடங்கிப்போகும்.

ரேஞ்சில் எடுத்த காலி கேஸ் இருந்தால் ப்ரைமரில் (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) விழுந்த பள்ளத்தைக் கிட்டே படம் எடுத்துப் போடுங்க. சிங்கிள் ஆக்‌ஷனில் சுட்டது ஒண்ணு, டபுளில் சுட்டது ஒண்ணு.

சோலூர்மட்டம்

படம் இணைத்திருக்கிறேன். இடது சிங்கிள், வலது டபுள். வெளியே துடைத்து, பேரலுக்குள் துணி விட்டு இழுத்ததோடு சரி. ஃபயரிங் பின் பக்கம் போகவில்லை.

பழைய ஆர்மரர் (வெலிங்டன்)

பார்த்தேன். ரெண்டு பள்ளமும் நடுவில்தான் இருக்கு, அது நல்லது. வலதுபக்கம் ஆழம் குறைவு, அதோடு அடிப்பகுதி தட்டையாக இருக்கு. ஃபயரிங் பின் நேராகப் போய் இடிக்காமல் எதையோ தள்ளிக்கொண்டு போயிருக்கு. துளைக்குள் கிரீஸ் என்றுதான் படுகிறது.

டபுளில் மட்டும் வந்ததற்குக் காரணம் இருக்கு. பல பிஸ்டல்களில் டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் பின்னுக்குப் போகிற தூரம் சிங்கிளைவிடக் கொஞ்சம் குறைவு. அடியும் அந்த அளவுக்கு மெலிசு. கிரீஸ் தின்றது போக மிச்சம் இருப்பது போதவில்லை. இன்னொன்று: ஸ்லைடு அந்த 2 மி.மீ. மூடாமல் இருந்த நிலையில் ஹேமர் விழுந்திருந்தால் முதல் அடியின் வேகம் ஸ்லைடை முன்னால் தள்ளுவதிலேயே போயிருக்கும், ரெண்டாவது அடி சரியாக விழுந்திருக்கும். அதே ரவுண்டு ரெண்டாவது அடியில் வெடித்தால் குறை துப்பாக்கியில். மூணாவது அடிக்கும் வெடிக்காவிட்டால் தோட்டாவில். இது ஒரு தோராயக் கணக்குதான்.

ரேஞ்சில் வெடிக்காவிட்டால் உடனே ஸ்லைடை இழுக்காதீங்க. குழல் இலக்கைப் பார்க்க முப்பது விநாடி அப்படியே. தாமதமாக வெடிக்கிற ரவுண்டு உண்டு. அதைவிட மோசம் “புஸ்” என்ற மெல்லிய சத்தம். புல்லட் பேரலுக்குள்ளேயே நின்றிருக்கும். அங்கேயே நிறுத்தி, இறக்கி, பித்தளைக் கம்பி விட்டுப் பார்க்கணும். அடுத்த ரவுண்டைச் சுட்டால் பேரல் வீங்கும்.

பத்து மீட்டர் (குன்னூர்)

எனக்கு ஒரு சந்தேகம் சார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்ஸிஜன் கம்மி. அதனால் தோட்டா மருந்து சரியாக எரியாமல் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாமல் இருக்குமா? ஏர் பிஸ்டலில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் குளிருக்குத் துவண்டுபோவது தெரியும்.

கார்டைட் பிரியன் (அருவங்காடு)

இருக்காது. மருந்து வெளிக்காற்றைக் கேட்பதில்லை. நைட்ரோசெல்லுலோஸின் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கு, கேஸ் வாய் மூடித்தான் இருக்கு. நம்ம அருவங்காடு தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாக மலை மேலேயே அந்த மருந்தைச் செய்கிறது, அது எந்த உயரத்திலும் எரியும்.

குளிர் மட்டும் கொஞ்சம் பேசும். மருந்து குளிர்ந்தால் எரியும் வேகம் சற்றுக் குறையும். ஆனால் ஐந்து டிகிரி, பத்து டிகிரி என்பதெல்லாம் ஸ்லைடை நிறுத்துகிற அளவுக்கு வராது. எண்ணெயும் கிரீஸும் அதே குளிரில் படுத்தும் பாடு இதைவிடப் பல மடங்கு. ஏர் பிஸ்டல் கதை வேறு: அங்கே திரவமாக இருக்கிற கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமே வெப்பநிலையைப் பொறுத்தது, அதனால்தான் துவளுகிறது.

கேத்தி

ஃபீட் ராம்ப்பை (ரவுண்டு மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏறும் சரிவு) ஆயிரம் நம்பர் எமரி ஷீட்டில் லேசாகத் தேய்த்துவிடுங்க. ஸ்லைடு மூடாத பிரச்சினை போய்விடும். இன்டர்நெட்டில் எல்லாரும் செய்கிறாங்க.

கன் பட்டறை (கோவை)

கேத்தி அண்ணா, தயவுசெய்து வேண்டாம். மூணு காரணம். .32 உருண்டை மூக்கு ரவுண்டு ராம்ப்பில் மாட்டுவது அபூர்வம். மாட்டினால் ஸ்லைடு பாதியில் நிற்கும், கடைசி 2 மி.மீ.யில் நிற்காது. ரெண்டாவது, எமரி பிடித்தால் ராம்ப்பும் சேம்பரும் சேர்கிற விளிம்பு உருண்டுபோகும், அந்த இடத்தில் கேஸுக்கு அடியில் தாங்கல் குறையும். மூணாவது, உரிமம் இல்லாத கையால் வேலை நடந்த தடம் இருந்தால் தயாரிப்பாளர் உத்தரவாதம் செல்லாது. ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவில் தயாரிப்பு, விற்பனையோடு ரிப்பேரும் சேர்த்தே எழுதியிருக்கு. துடைப்பது, எண்ணெய் போடுவது, கையேட்டில் சொன்ன அளவு கழற்றுவது உங்க வேலை. உலோகத்தைச் சுரண்டுவது எங்க வேலை.

எங்கே உரசுகிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். டம்மியின் மூக்கு, அதன் ரிம் (அடி விளிம்பு), ராம்ப் மூணிலும் கறுப்பு மார்க்கரில் தீட்டுங்க. காய்ந்ததும் ஒரே ஒரு தடவை ஸ்லைடை இழுத்து விடுங்க. கையால் கூட்டிக்கொண்டு வரக்கூடாது, ஸ்பிரிங் வேகத்திலேயே போகணும். பிறகு டம்மியை எடுத்துப் பாருங்க. மை எங்கே போயிருக்கோ அங்கேதான் உரசல். மூக்கில் ஒரு சின்னக் கோடு இருந்தால் சாதாரணம். ரிம்மின் வலது ஓரம் பளிச்சென்று தேய்ந்திருந்தால் எக்ஸ்ட்ராக்டர். ரிம்மின் ரெண்டு பக்கமும் மேலாகத் தேய்ந்திருந்தால் மேகசின் உதடு (மேல் ரவுண்டைப் பிடித்திருக்கும் வளைந்த ஓரம்).

அடுத்தது, ஸ்லைடைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, ஃப்ரேமில் நிற்கிற பேரலைச் செங்குத்தாகத் தூக்கி, டம்மியைச் சேம்பருக்குள் போடுங்க. தன் எடையிலேயே “டக்” என்று விழணும். கவிழ்த்தால் தானாகவே வெளியே வரணும். பாதியில் நின்றால் சேம்பரில் கிரீஸ்.

சோலூர்மட்டம்

டம்மி விழுகிறது, ஆனால் “டக்” இல்லை, மெத்தையில் விழுகிற மாதிரி. கவிழ்த்தால் ஒரு தட்டு தட்டினால்தான் வருகிறது. மார்க்கர் சோதனையில் ‘ஆ’வில் ரிம்மின் ரெண்டு பக்கமும் மை போயிருக்கு. ‘அ’வில் வலது ஓரம் மட்டும் லேசாக.

கன் பட்டறை (கோவை)

அப்போ ரெண்டு குறை. சேம்பரில் கிரீஸ் படலம். ‘ஆ’வில் மேகசின் கோளாறு. ‘அ’வில் தெரிகிற வலது ஓர உரசல் புது எக்ஸ்ட்ராக்டருக்கு இயல்புதான். ஸ்லைடைக் கழற்றி வைத்திருக்கும்போதே ஒரு காலி கேஸின் ரிம்மைக் கீழேயிருந்து கொக்கிக்கு அடியில் விரலால் நழுவவிட்டுப் பாருங்க. விரல் அழுத்தத்துக்குப் போகணும், ஸ்லைடை மெல்ல ஆட்டினால் விழாமல் நிற்கணும். நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம். அது பட்டறைக்கு வரட்டும்.

இன்னொன்றும் கவனியுங்க. ப்ளோபேக்கில் வெடித்த கேஸை வெளியே தள்ளுவது வாயு அழுத்தம். எக்ஸ்ட்ராக்டர் அதை எஜெக்டர் (கேஸை வெளியே தட்டிவிடும் முனை) இடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் போதும். வெடிக்காத ரவுண்டைச் சேம்பரிலிருந்து இழுக்கத்தான் அதன் முழுபலமும் வேண்டும். அதனால் கேஸ் நட்டுக்கொண்டு நின்றால் உடனே எக்ஸ்ட்ராக்டர் மேல் பழி போடாதீங்க. ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்க. ஸ்லைடு ஓடுகிற தண்டவாளத்தில் கிரீஸ், புது ஸ்பிரிங்கின் விறைப்பு, மணிக்கட்டு தளர்ந்த பிடி இந்த மூணும் சேர்ந்தால் போதும். சின்ன பிஸ்டலில் சுண்டுவிரல் க்ரிப்புக்கு வெளியே தொங்கும், பிடி தளர அதுவே காரணம்.

கூடலூர் மழை

துடைக்க என்ன போடலாம்? மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. வீட்டில் நீலகிரித் தைலம் லிட்டர் கணக்கில் இருக்கு. தேங்காய் எண்ணெயும் உண்டு.

பழைய ஆர்மரர் (வெலிங்டன்)

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம்ம ஊரில் வருஷத்தில் எத்தனை நாள் 24க்கு மேலே? ஃபயரிங் பின் துளையில் அதை விட்டால் மெழுகுக்குப் பதில் வேறு மெழுகு. வேண்டவே வேண்டாம்.

நீலகிரித் தைலம் கிரீஸை நன்றாகவே கரைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பறந்துபோன பிறகு உலோகத்தின் மேல் எதுவும் மிஞ்சாது. கூடலூர் ஈரத்தில் வெறும் இரும்பு ராத்திரியோடு சிவந்துவிடும். பிளாஸ்டிக் க்ரிப்பில் பட்டால் சில வகை இளகிப் பிசுபிசுக்கும். அவசரத்துக்குப் பயன்படுத்தினால் இரும்புப் பாகத்தில் மட்டும், உடனே எண்ணெய்.

சரியானது பெயின்ட் கடையில் விற்கிற மினரல் டர்பன்டைன். அரை லிட்டர் வாங்கினால் வருஷத்துக்குப் போதும். கரி அடுப்பு, ஃபயர் பிளேஸ் எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. ஜன்னலைத் திறந்துவையுங்க, குளிர்ந்தாலும் பரவாயில்லை.

கழற்றும்போது படிக்குப் படி ஃபோனில் படம் எடுங்க. முக்கியமாக ரீகாயில் ஸ்பிரிங். சில மாடலில் ஒரு முனை குறுகலாக இருக்கும், மாற்றிப் போட்டால் அதுவே ஒரு குறையாக வரும். பேரலில் சேம்பர் பக்கமிருந்துதான் பிரஷ் விடணும். நிலையான பேரலில் அதற்கு வழி இல்லாவிட்டால் குழல் வாயிலிருந்து விடுங்க, ஆனால் கம்பி குழல் வாய் விளிம்பில் உரசக்கூடாது. சேம்பருக்கு நைலான் பிரஷ்ஷை டர்பன்டைனில் நனைத்துப் பத்துச் சுற்று, பிறகு வெள்ளைப் பருத்தித் துணி. துணி மஞ்சளாக வருகிறவரை கிரீஸ் இருக்கு என்று அர்த்தம்.

ஃபயரிங் பின்னைக் கழற்ற வழி கையேட்டில் இல்லாவிட்டால் கழற்றாதீங்க. ஸ்லைடை ப்ரீச் முகம் (கேஸின் அடியைத் தாங்கும் பக்கம்) கீழே பார்க்கப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விடுங்க. முன் துளை வழியாக அழுக்கு வடியும். மரக்குச்சியால் பின்னைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி விடுங்க. ஆரம்பத்தில் பின் சோம்பலாகத் திரும்பும்; கிரீஸ் போனதும் “டிக்” என்று திரும்பும், காதுக்கே தெரியும். பிறகு அதே நிலையில் ஒரு ராத்திரி துணிமேல் நிற்கட்டும். அந்தத் துளையில் எண்ணெய் விடக்கூடாது. உலர்ந்தே இருக்கணும். எண்ணெய் விட்டால் மருந்துக் கரியோடு சேர்ந்து மறுபடி பசையாகும், ஒழுகினால் ப்ரைமரிலும் இறங்கும்.

எண்ணெய் அளவு: ஸ்லைடு ஓடுகிற தண்டவாளத்துக்குப் பக்கத்துக்கு ஒரு சொட்டு. பேரலின் வெளிப்பக்கம் ஸ்பிரிங் உரசுகிற இடத்தில் ஒரு சொட்டு தடவி. ஹேமர் அச்சில் குண்டூசி முனையில் நிற்கிற அளவு. அவ்வளவுதான். தையல் மெஷின் எண்ணெய் ஓடுவதற்கு ஓடும், துருவுக்குக் காவல் இல்லை. டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டுகிற திரவம், அதுவே மசகு இல்லை, நாள்பட்டால் பிசினாகும்.

மன்னவனூர்

மேகசின் பக்கம் யாரும் இன்னும் முழுசாக வரவில்லையே. நாம பேசுகிற .32 தோட்டா, அதாவது .32 ஏசிபி, பாதி ரிம் வைத்தது. ஜான் பிரௌனிங் 1899இல் கொண்டுவந்த வடிவம். ரிம் 9.1 மி.மீ., அதன் முன்னால் கேஸ் 8.5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அந்த அரை மில்லிமீட்டர் விளிம்புதான் தொல்லை. மேல் ரவுண்டின் ரிம் கீழ் ரவுண்டின் ரிம்முக்கு முன்னால் நிற்கணும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால் ஸ்லைடு எத்தனை தள்ளினாலும் ரவுண்டு நகராது. இதைத்தான் ரிம் லாக் என்கிறார்கள்.

முழுநீளம் 25 மி.மீ. வரும் உருண்டை மூக்கு ரவுண்டில் முன்னும் பின்னும் ஆட்டம் குறைவு, அதனால் ரிம் லாக் அரிது. நீளம் குறைந்த ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழி உள்ள ரவுண்டு) போட்டால் மேகசினுக்குள் ரவுண்டுகள் முன்பின் நகர இடம் கிடைத்து மாட்டும். வெர்னியரில் ஒரு ரவுண்டை அளந்துவிடுங்க.

மாட்டிவிட்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, ப்ரைமர் பக்கத்தில் இரும்பு போகவே கூடாது. மேகசினை வெளியே எடுத்து, ரவுண்டு வரிசையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திக்கொண்டு மேல் ரவுண்டை முன்னால் நகர்த்துங்க. வராவிட்டால் அடித்தட்டைக் கழற்றிக் கீழ்வழியாக இறக்கணும். தட்டை எடுக்கும்போது ஸ்பிரிங்கை விரலால் மூடிக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் அலமாரிக்கு அடியில் தேட வேண்டிவரும்.

சோலூர்மட்டம் சொல்கிற குறை ரிம் லாக் இல்லை என்று நினைக்கிறேன். ‘ஆ’வில் கடைசி ரவுண்டுக்குப் பின் ஸ்லைடு நிற்பதும் இல்லை. ஃபாலோயர் (மேகசினுக்குள் ரவுண்டை மேலே தள்ளும் தட்டு) மேலே வந்து ஸ்லைடு ஸ்டாப்பைத் தூக்கணும், அது வலுவாக வரவில்லை. அதே மேகசினில் நிரம்பிய நிலையில் இழுவையும் அதிகம். ரெண்டையும் சேர்த்தால் உள்ளே எங்கேயோ ஃபாலோயர் பிடிக்கிறது. காலி மேகசினில் பென்சிலின் கட்டைப் பக்கத்தால் ஃபாலோயரை அடிவரை அழுத்தி மெதுவாக விடுங்க. வழியில் தயங்குகிற இடம் கைக்குத் தெரியும்.

சோலூர்மட்டம்

தயங்குகிறது. பாதிக்குக் கொஞ்சம் மேலே. ‘அ’வில் அப்படி இல்லை. அடித்தட்டை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் பின்பக்க மடிப்பு ஓரத்தில் வெல்டிங் பொட்டு ஒண்ணு உள்ளே துருத்தியிருக்கு. கடுகு அளவுதான். ஃபாலோயரின் பின் ஓரத்தில் அதே உயரத்தில் பளபளப்பான கீறல். உதட்டு இடைவெளி ரெண்டு மேகசினிலும் வெர்னியருக்கு ஒண்ணுதான்.

கேத்தி

அந்தப் பொட்டை ஊசி அரத்தில் ரெண்டு இழு இழுத்தால் போதுமே. இதுக்குமா பட்டறை?

கன் பட்டறை (கோவை)

போதும்தான், ஆனால் புது மேகசின், உத்தரவாதம் இருக்கு. அரத்தூள் ஸ்பிரிங்குக்குள் விழுந்தால் அது வேறு குறை. மாற்றிக் கொடுக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. உதடு ஒத்துப்போவது நல்ல செய்தி. அதைப் பிளையரால் வளைத்துச் சரிசெய்கிற வீரர்களும் இருக்கிறார்கள்.

கூடலூர் மழை

மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும், ஒரு ரவுண்டு குறைத்து வைக்கணும் என்கிறார்களே?

மன்னவனூர்

அழுத்தி வைத்திருப்பதால் நல்ல ஸ்பிரிங் சாகாது. அழுத்துவதும் விடுவதும் மாறி மாறி நடப்பதில்தான் தேய்மானம். துரு அதைவிடச் சீக்கிரம் கொல்லும்.

பழைய ஆர்மரர் (வெலிங்டன்)

முதல் பாதியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மலிவான கம்பியில் செய்த ஸ்பிரிங் முதல் சில நாளில் கொஞ்சம் குறுகத்தான் செய்யும், பிறகு அங்கேயே நிற்கும். அதனால்தான் புது ரீகாயில் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி ஒருநாள் வைக்கச் சொல்வது. தோட்டா அளவாகவே கிடைக்கிற நம்ம நாட்டில் சுட்டுச் சுட்டுப் பழக்க முடியாது. லைசென்ஸில் எழுதிய கணக்கு அதற்குப் போதாது. டம்மி போட்டு இருநூறு முறை கையால் ஓட்டுங்க, தண்டவாளமும் எக்ஸ்ட்ராக்டரும் பாதிக்கு மேல் பழகிவிடும். ஸ்லைடைக் கூட்டிக்கொண்டு வராமல் விட்டுவிடணும், அதை மட்டும் மறக்காதீங்க. ஸ்பிரிங்கின் முழுவேகத்துக்குத்தான் ரிம் கொக்கிக்கு அடியில் ஏறும்.

இப்போ செம்புள்ளி. ப்ளூயிங் என்பது பெயின்ட் இல்லை. இரும்பின் மேல் உண்டாக்கிய கறுப்பு ஆக்சைடு, மைக்ரான் கணக்கில் மெல்லிசு, துளைத்துளையாக இருக்கும். எண்ணெயைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. எண்ணெய் போனால் காவலும் போச்சு. புள்ளி மேல் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் ஊறவைத்து, நாலு சைபர் ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து, விரல் நுனி எடையில் வட்டமாகத் துடைங்க. கறுப்பு வெளுக்க ஆரம்பித்தால் நிறுத்துங்க. எமரி, பிரில்லோ, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். பின் சைட் பக்கத்தில் மட்டும் வந்தது ஏன் தெரியுமா? ஸ்லைடை இழுக்க விரல் பிடிக்கிற இடம் அதுதான். வியர்வை உப்பு. கையாண்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, எப்போதும்.

கூடலூர் மழை

வைக்கிற இடம் பற்றிச் சொல்லுங்க. ஜூன் முதல் இங்கே செருப்பில்கூடப் பூஞ்சை.

மன்னவனூர்

லெதர் ஹோல்ஸ்டரில் வைக்காதீங்க. தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து ப்ளூயிங்கைத் தின்னும். பெட்டியோடு வந்த ஸ்பாஞ்சும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி, இரும்பு லாக்கரில் தனியாக. லாக்கர் சின்னதென்றால் கால் கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில் தொங்கட்டும். நீலம் ரோஸ் ஆனால் ஈரம் நிரம்பியிருக்கு. ஓவனில் 110, 120 டிகிரியில் ரெண்டு மூணு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலம். மழைக்காலத்தில் இதை வாராவாரம் பார்க்கணும். அலமாரிக்குள் பழைய குண்டு பல்பு எரியவிடுகிற நம்ம ஊர் வழக்கமும் சரிதான், ஆனால் தோட்டா இருக்கிற அறையில் வேண்டாம், துணியிலோ காகிதத்திலோ பல்பு படக்கூடாது.

குளிரில் வெளியே இருந்த பிஸ்டலை ஃபயர் பிளேஸ் எரிகிற அறைக்குள் உடனே திறக்காதீங்க. மூக்குக்கண்ணாடி மேல் படிகிற ஆவி அப்படியே அதன் உள்ளேயும் படியும். பெட்டியோடு ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் இதே கதை. உள்ளும் புறமும் கனமாக எண்ணெய் பூசி, துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்க. துணி, செய்தித்தாள் ரெண்டும் ஈரம் இழுக்கும். பேரல் வாயை அடைக்காதீங்க. ரசீதில் சீரியல் நம்பர் சரியாக இருக்கா என்று அங்கேயே பாருங்க. திரும்ப வாங்கியதும் பேரலைத் துணி விட்டுத் துடைக்காமல் சுடக்கூடாது, எண்ணெய் நிறைந்த பேரலில் அழுத்தம் எகிறும்.

சோலூர்மட்டம்

சொன்னபடி சுத்தம் செய்து, ‘அ’ மேகசினை மட்டும் வைத்து ரேஞ்சில் பார்த்தாச்சு. ஸ்லைடு ஒவ்வொரு தடவையும் மூடுகிறது. மிஸ்ஃபயர் இல்லை. டபுள் ஆக்‌ஷன் பள்ளம் இப்போ உருண்டையாக, சிங்கிளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கு. கேஸ் வலதுபக்கம் ஒரே இடத்தில் விழுகிறது. ஃபயரிங் பின் துளையிலிருந்து தேன் நிறத்தில் வடிந்தது எல்லாம் பேக்கிங் கிரீஸ்தான். மிச்சம் இருப்பது ‘ஆ’ மேகசின். பிஸ்டலையும் சேர்த்தே கொண்டுபோகணுமா? கூடலூரில் வேலை இருப்பதால் தெப்பக்காடு வழியாக மைசூர் போய், அங்கே ஒரு கடையில் காட்டலாமா என்றும் யோசனை.

நெறியாளர்

தெப்பக்காடு சாலை முதுமலைக்குள் போகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 31ஆம் பிரிவு: தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது. லைசென்ஸ் கையில் இருப்பது அதற்குப் பதில் ஆகாது. அதோடு உங்க லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுக்கவா என்றும் பாருங்க. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை இறங்குவதுதான் நேர்வழி.

மசினகுடி, கூடலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் லைசென்ஸ் ஆயுதம் வைத்திருப்பவர்கள் வனத்துறையிலும் பெயரைப் பதிய வேண்டும், அதே சட்டம் 34ஆம் பிரிவு.

கன் பட்டறை (கோவை)

மேகசின் மட்டும் போதும், பிஸ்டல் வேண்டியதில்லை. ரசீது, லைசென்ஸ் ரெண்டுக்கும் நகல். பிஸ்டலின் சீரியல் நம்பர். வெல்டிங் பொட்டும் ஃபாலோயர் கீறலும் தெரிகிற படம். கூடவே “ஃபாலோயர் பாதி உயரத்தில் பிடிக்கிறது, கடைசி ரவுண்டுக்குப் பின் ஸ்லைடு நிற்பதில்லை” என்று ரெண்டு வரி கடிதம். “மேகசின் சரியில்லை” என்று மொட்டையாக எழுதினால் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாற்று மேகசின் வந்ததும் பென்சில் சோதனையைக் கடையிலேயே செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இன்னொன்று. எப்போதாவது ஸ்லைடு மூடும்போது ஹேமர் தானாகவே கீழே விழுந்தாலோ, ஒரு இழுப்புக்கு ரெண்டு ரவுண்டு போனாலோ, சேஃப்டி போட்டிருக்கும்போது ஹேமர் நகர்ந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டு இருக்காதீங்க. மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, அன்றைக்கே சுடுவதை நிறுத்தி, பிஸ்டலோடு நேரில் வாங்க.

சோலூர்மட்டம்

சரிங்க. மாற்று மேகசின் வரும்வரை ‘ஆ’வில் ரவுண்டு போடாமல் டம்மிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கன் பட்டறை (கோவை)

வேண்டாங்க. கீறல் பெரிசானால் “பயன்படுத்திக் கெடுத்தது” என்பார்கள். டம்மிக்கும் ‘அ’வையே போடுங்க.